நனைக்காத பூண்டு

அந்தச் சந்தில் அவளைச் சுருக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. கணவர் கோபம் வந்தால் மட்டும் அதை எடுப்பார், கோபம் தணிந்ததும் பழையபடி சுருக்குதான். மற்றப் பெண்கள் பூண்டுச் சாக்கைப் பிரித்து, மணை போட்டு, யார் வீட்டில் என்ன சண்டை என்று விசாரித்து முடிப்பதற்குள் இவள் முன்னால் வெள்ளைவெளேரென்று ஒரு குவியல் ஏறியிருக்கும்.

"உன் கைக்குள்ள என்ன, மோட்டார் வெச்சிருக்கா?" என்பார்கள்.

"மோட்டாருக்காவது ஓய்வு குடுப்பாங்கடி" என்பாள், நிமிராமல்.

வேலை இதுதான். ஊருக்கு வெளியே, பூண்டு விழுது அரைத்து டப்பாவில் அடைக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அரைப்பது கம்பெனி. உரிப்பது இந்தச் சந்தும் பக்கத்துச் சந்தும். சாயங்காலம் சாக்குக்காரர் மூன்று சக்கர வண்டியில் வந்து வாசலுக்கு வாசல் சாக்குகளை இறக்குவார். மறுநாள் காலையில் உரித்த பூண்டை எடை போட்டு எடுத்துப் போவார். அந்த நேரத்துக்குள் காய்ந்த பூண்டை உரித்து முடிக்க மனிதக் கையால் ஆகாது. அதனால் எல்லாரும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் கொட்டிவிடுவார்கள். ஊறிய பூண்டு, சட்டையைக் கழற்றுவதுபோல் தோலை விட்டுவிடும். ஆனால் அதன் காரமெல்லாம் தண்ணீரில் இறங்கியிருக்கும், அந்தத் தண்ணீரிலேதான் கையும் கிடக்கும். முதலில் நகக்கண் எரியும். பிறகு விரல் நுனி சிவக்கும், அப்புறம் உரியும். பல வருடம் உரித்தவர்களுக்கு எரிவதும் நின்றுவிடும். சுருக்குக்கு எரிச்சல் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அதை அவள் ஒரு வசதியாகவே நினைத்திருந்தாள்.

அப்படிப்பட்ட சந்துக்கு ஒருநாள் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். ஒரு வருடத்துக்கு, மாதாமாதம், வீட்டுக்கு வீடு பணம் தரப்போகிறோம் என்றார்கள். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்றார்கள். கணக்குக் காட்ட வேண்டாம், திருப்பித் தர வேண்டாம், கூட்டத்துக்கு வந்து கை தட்டவும் வேண்டாம். எல்லாருக்கும் தர நிதி இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இந்தச் சந்து விழுந்தது, அவ்வளவே.

"சும்மாவா?" என்று வாயைப் பிளந்தார் சுருக்கின் கணவர். சந்தையில் மூட்டை தூக்குபவர் அவர். முதுகு ஒத்துழைத்தால் கூலி, இல்லாவிட்டால் பாய். "இந்தக் காலத்துல சும்மா யாரு எதைக் குடுப்பா? நம்ம கிட்னிக்கு அட்வான்ஸோ என்னமோ."

"உங்க கிட்னிய எடுத்துட்டுப் போனா அவங்களுக்குத்தான் நஷ்டம்."

ஒரு சுவர் தாண்டி அடுத்த சந்தில் இருந்த சுருக்கின் தங்கச்சிக்கு இந்தச் சிரிப்பு வரவில்லை. அவளும் இதே சாக்குக்காரரிடம்தான் உரிக்கிறாள். கணவன் போன இடம் தெரியவில்லை, கையில் ஒரு சின்னப் பெண்பிள்ளை. "சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தா பணம், அந்தப் பக்கம் இருந்தா ஒண்ணுமில்ல. சுவரைக் கட்டினவனைத்தான்க்கா சொல்லணும்" என்றாள். தன்னைவிடத் தங்கச்சிக்குத்தான் முடை அதிகம் என்று சுருக்குக்குத் தெரியும். ஆனால் அவளுக்கும் ஒரு அவசரம் இருந்தது.

அவசரம் மகளைப் பற்றியது. எட்டாம் வகுப்பு. கணவரின் முதுகு மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்ளவே, அந்த வருடத்தோடு பள்ளியை நிறுத்தி அவளையும் தொட்டிக்கு முன்னால் உட்காரவைப்பது என்று வீட்டில் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடச் சீருடைக்கு யாரும் அளவு எடுக்கவும் இல்லை. பணம் வந்தால் அளவு எடுக்கலாம். வராவிட்டால் மகளின் கையும் தன் கையைப்போல எரியாமல் போய்விடும். சுருக்கு அந்தப் பணத்தை இதற்கு மேல் எதற்காகவும் யோசித்துப் பார்க்கவில்லை.

சந்து முனையில் மூடிக் கிடந்த கடையைத் திறந்து பதிவு நடந்தது. ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, விரல் வைக்கும் சின்னக் கருவி. அதன் பின்னால் உட்கார்ந்திருந்த இளம்பெண்ணுக்குச் சந்து அன்றைக்கே ரேகை மேடம் என்று பெயர் வைத்துவிட்டது. பணம் வீட்டுப் பெண்ணின் பேரில்தான். விரல் வைத்தால்தான் பதிவு, பிறகு ஒவ்வொரு மாதமும் விரல் வைத்தால்தான் பணம்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்து நகர்வது சுருக்குக்குப் பழகிய விஷயம். படித்த பெண்ணின் மேசையில் போய்ப் பூண்டு நாற்றத்தோடு கையை வைப்பதா? புறப்படும் முன் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் நாரால் பத்து விரலையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனாள்.

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெருவிரலுக்குச் சிவப்பு, ஆள்காட்டி விரலுக்குச் சிவப்பு, பத்துக்கும் சிவப்பு.

"விரலை நல்லாத் துடைச்சிட்டு வைங்கக்கா" என்றாள் ரேகை மேடம், எல்லாரிடமும் சொல்வதுபோல.

சுருக்குக்கு அது போதும். கை அழுக்கு என்கிறாள், நாற்றம் மேசைக்கு அந்தப் பக்கம் வரை போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து பவுடரை இன்னும் கெட்டியாகக் கரைத்து இரண்டு முறை தேய்த்தாள். மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாள் விரல் நுனி பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்த்துக்கொண்டு போய் நின்றாள். இந்த முறை ரேகை மேடம் அவள் கையைப் பிடித்து இழுத்து, விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா பண்ணினீங்க?"

"கழுவினேன் மேடம். சத்தியமா நல்லாத்தான் கழுவினேன். இன்னிக்கு மூணு தடவை."

ரேகை மேடம் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடாமல் வைத்திருந்தாள். "உங்க கையில அழுக்கு இல்லக்கா, ரேகைதான் இல்ல. அந்தப் பவுடரைத் தொடாதீங்க. பூண்டையும் தொடாதீங்க. புதுத் தோல் வந்தா ரேகையும் கூடவே வரும்."

"எத்தனை நாளு தொடாம இருக்கணும்?"

"ரெண்டு வாரமாவது."

"ரெண்டு வாரம் பூண்டைத் தொடலைன்னா சோத்தைத் தொடறது எப்படி மேடம்? எங்க வீட்டுக்காரரு விரலை வெச்சுக்கக் கூடாதா? அதுல ரேகை நல்லா வாய்க்கா மாதிரி ஓடும்."

"முடியாதுக்கா. மேல கேட்டுப் பாத்துட்டேன், வேற வழி இல்லங்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள வந்துடுங்க. அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

ஓயவே முடியாதவளுக்கென்று வந்த பணம், முதலில் நீ ஓய்ந்து காட்டு என்கிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் சுருக்கு இதையே நினைத்து, ஒரு கட்டத்தில் தனியாகச் சிரித்தும்விட்டாள்.

"நீ உக்காரு, நான் உரிக்கறேன்" என்றார் கணவர். "மூட்டை தூக்கற கைக்குப் பூண்டெல்லாம் ஒரு வேலையா?"

அவருடைய விரலுக்குப் பூண்டு அகப்படவே இல்லை. அகப்பட்டது நசுங்கியது. காலையில் சாக்குக்காரர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கம்பெனி அரைக்கறதுக்கு முன்னாலயே நீங்க அரைச்சிட்டீங்களே?" என்றார். பாதியைத் தள்ளிவிட்டுத்தான் எடை போட்டார். சந்தே கேட்டுச் சிரித்தது. இரண்டாம் நாள், யாரும் கூப்பிடாமலே தங்கச்சி வந்து, அவர்கள் வீட்டுச் சாக்கைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கூலியில பாதி எனக்கு. நீ கையைத் தூக்கி வெச்சுக்க மகாராணி" என்றாள்.

கையைத் தூக்கி வைத்துக்கொள்வது அத்தனை சுலபமாக இல்லை. எங்கே வைப்பது என்றே சுருக்குக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தால் தானாக அசைந்தது. யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது குனிந்து பார்த்தால், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத பூண்டை உரித்துக்கொண்டிருக்கும். மகள் பாத்திரம் கழுவினாள், கணவர் துணி அலசினார். அலசிய துணியில் சோப்பு அப்படியே இருந்தது. அதை வாயைத் திறந்து சொல்லாமல் இருப்பதும் ஒரு வேலையாகிப் போனது.

ஒரு வாரம் போனபின் ஒரு காலை, கொதிக்கும் டீ டம்ளரை வழக்கம்போல் எடுத்தவள் வீல் என்று கத்திக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னாச்சு?" என்று கணவர் ஓடி வந்தார்.

"சுடுதுங்க!"

"டீ சுடாம?"

பல வருடமாகச் சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கியவள் அவள். சிந்திய டீயைக்கூடப் பார்க்காமல் விரலை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெலிசாக, இளஞ்சிவப்பாக, குழந்தையுடையதுபோல ஒரு தோல் வந்திருந்தது. உற்றுப் பார்த்தால் அதில் கோடுகள் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

அன்று சாயங்காலம்தான் மகள் தண்ணீர் குடிப்பதைக் கவனித்தாள். டம்ளரை விரலால் பிடிக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித் தூக்கினாள் மகள்.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுடி!"

நகக்கண் சிவந்து வீங்கியிருந்தது. பள்ளி விட்டதும் சிநேகிதி வீட்டில் பாடம் படிக்கிறேன் என்று இத்தனை நாளும் போய் வந்தது சித்தி வீட்டுத் தொட்டிக்கு. "ரெண்டு வீட்டுச் சாக்கு வருதும்மா. சித்தி ஒருத்தியால ஆகல" என்றாள் மகள்.

சுருக்கு போன வேகத்தில் தங்கச்சி வீட்டுக் கதவு சுவரில் மோதித் திரும்பியது. "என் பிள்ளைய எதுக்குடி இதுல இறக்கின?"

தங்கச்சி தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் கூப்பிடல. அவளா வந்து உக்காந்தா. போன்னு சொல்லி இருக்கணும், சொல்லல. எனக்கும் கை ரெண்டுதான்க்கா இருக்கு."

பக்கத்தில் தங்கச்சியின் சின்னப் பெண்ணும் ஒரு கிண்ணத்தில் பூண்டை வைத்துக்கொண்டு விளையாட்டுப்போல உரித்துக்கொண்டிருந்தது. சுருக்கு அதைப் பார்த்தாள். தன் வீட்டுச் சாக்கை இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

வீட்டில் சாக்கைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரும் ஊற்றிவிட்டாள். மகளின் கைக்காகத்தானே அந்தப் பணம். மகளின் கையைத் தேய்த்து அந்தப் பணத்தை வாங்கி என்ன ஆகப்போகிறது? கையை உள்ளே விடப்போன நேரம் கணவர் வந்து தொட்டியைக் காலால் தள்ளினார்.

"இன்னும் நாலஞ்சு நாளுதான் இருக்கு. இப்ப விட்டா இத்தனை நாள் பட்டினியும் வீணாப் போகும்."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

அவர் பழைய போர்வை ஒன்றைக் கிழித்து முதுகைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டார். அந்த நாலைந்து நாளும் சந்தைக்குப் போனார். மாலையில் வாசற்படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். வலிக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், அதையும் நம்பியதுபோல் நடிக்க வேண்டும்.

மாதக் கடைசி நாளன்று கடையில் கூட்டமே இல்லை. மேசையில் இருந்த பொருளில் பாதி பெட்டிக்குள் போயிருந்தது. சுருக்கு கையைக் கழுவாமல் வந்திருந்தாள். பெருவிரலுக்குச் சிவப்பு. ஆள்காட்டிக்கும் நடு விரலுக்கும் சிவப்பு. வலது கை முடிந்து இடது கை ஆரம்பித்தபோது ரேகை மேடம் கருவியைத் துணியால் துடைத்தாள், ஊதினாள், நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். "மெதுவாக்கா. அழுத்தாதீங்க." சுருக்குக்கு மெதுவாக எதையும் செய்து பழக்கமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தாள். கடைசியில் மிச்சமிருந்தது இடது சுண்டு விரல் ஒன்றுதான்.

பச்சை எரிந்தது.

"சுண்டு விரலா?" என்று வாசலில் நின்ற கணவர் கத்திவிட்டார். "பத்து விரல்ல ஒரு வேலையும் செய்யாம சுத்தினது அதுதான், அதுக்கா பணம்?"

ரேகை மேடம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சுருக்கு எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் அழுகிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது.

பணம் வந்த அன்று வீட்டில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. சிமெண்டு பூசவில்லை, புதுப் பாத்திரம் வாங்கவில்லை. யாராவது வந்து பார்த்தால் பணம் என்ன ஆயிற்று என்றுதான் கேட்டிருப்பார்கள். கணவர் இரண்டு நாள் முழுதாகப் படுத்தார், படுத்ததற்காக யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சாயங்காலம் கதவு தட்டப்பட்டால் வாடகை கேட்க வந்திருப்பார்களோ என்று மூவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துகிற வழக்கம் நின்றது. மகளைக் கதவோரம் நிறுத்தி, தோளிலிருந்து முழங்கால் வரை சீருடைக்கு அளவெடுத்தாள் சுருக்கு. போன வருடத்தைவிட நாலு விரல் வளர்ந்திருந்தாள்.

பணத்தை வாங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அடுத்த மாதமும் அந்தச் சுண்டு விரல் வேண்டும், அதற்கு அடுத்த மாதமும் வேண்டும். தொட்டியில் கையை விட்டால் ரேகை போய்விடும். பூண்டையே விட்டுவிடலாம் என்றால், வருகிற பணம் வாடகைக்கும் பாதிச் சாப்பாட்டுக்கும்தான் காணும். ஆகவே சுருக்கு பூண்டை நனைப்பதை நிறுத்தினாள். சாக்கைப் பிரித்து மொட்டை மாடித் தரையில் பரப்பி வெயிலில் காயப்போட்டாள். நன்றாகக் காய்ந்தால் தோல் மொறுமொறுவென்று ஆகிவிடும், சாக்குத் துணியில் வைத்துத் தேய்த்தால் முக்கால்வாசி தானே உதிரும். கை எரியாது. ஒரே குறை, ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுக்கும். அப்படி இழுக்க விடுவதற்கு இதுவரை அவளிடம் வசதி இருந்ததில்லை. பணம் அவளுக்கு வாங்கித் தந்த பொருள் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அந்த மூன்று நாளைத்தான் காட்ட வேண்டும்.

மறுநாள் காலையில் சாக்குக்காரர் வந்து வெறும் கையோடு நின்றார். "என்னம்மா, சுருக்குன்னு பேரை வெச்சுக்கிட்டு இப்படி ஆமையாட்டம் ஆயிட்ட?"

"நாளன்னிக்கு வாங்கண்ணே, தர்றேன்."

"நாளன்னிக்கா? கம்பெனி எனக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? சுண்டு விரலைக் காட்டிக் காசு வாங்கறவங்களுக்கு என் சாக்கு எதுக்கு? நீ இல்லன்னா ஒன்பது பேரு."

அந்த ஒன்பது பேரிடமும் போனார். அந்த மாதம் அவர்களில் பலருக்கும் விரல் ஒரு முறைக்கு நாலு முறை சிவப்புக் காட்டிய பிறகே பச்சை காட்டியிருந்தது. யாரும் கூடிப் பேசவில்லை, சங்கம் வைக்கவில்லை. அவரவர் விரலுக்குப் பயந்து அவரவர் மாடியில் பூண்டைக் காயப்போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவருக்கு நாளன்னிக்குத்தான் கிடைத்தது. பத்தாவது வாசலில் அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்ததைப் பார்த்துச் சந்துப் பெண்கள் வெகுநேரம் சிரித்தார்கள். சுருக்கும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் வண்டி வந்தது. வாசலுக்கு ஒரு சாக்கை மட்டும் இறக்கினார். மிச்சத்தோடு வண்டி சந்து முனையைத் தாண்டி, சுவரைச் சுற்றி, அடுத்த சந்துக்குள் திரும்பியது. சுருக்கின் சிரிப்பு அங்கேயே நின்றது. அந்தச் சந்தில் யாருக்கும் எந்த விரலையும் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை.

மறுநாள் சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். சண்டைக்குப் பிறகு முதல் தடவை. வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் சாக்கு. தங்கச்சி தொட்டிக்குள் கையை விட்டபடியே நிமிர்ந்தாள்.

"வா. உங்க சந்து வேணாம்னு தள்ளினதெல்லாம் இங்கதான் இருக்கு. பிள்ளைங்க கையை இதுல விடக் கூடாதுன்னு இருந்தேன், இப்ப என் கை போதல."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்லலாம்க்கா. உனக்கு மாசம் ஒண்ணாம் தேதி இருக்கு. எனக்கு இன்னிக்கு ராத்திரி மட்டும்தான் இருக்கு."

சுருக்கு உட்கார்ந்தாள். இன்னும் தண்ணீரில் விழாத சாக்கு ஒன்றைத் தன் பக்கம் இழுத்து, காய்ந்த பூண்டாகப் பொறுக்கி மடியில் போட்டு உரிக்க ஆரம்பித்தாள். இருவரும் உரித்தார்கள். தங்கச்சியின் கூடை நிறைந்துகொண்டே போனது, இவளுடையது அடியைக்கூட மறைக்கவில்லை. சின்னப் பெண் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து தொட்டியில் தண்ணீர் மொண்டது.

"நாளையிலேருந்து பள்ளிக்கூடம் விட்டதும் இவளை எங்க வீட்டுக்கு அனுப்பு" என்றாள் சுருக்கு. "ரெண்டு பிள்ளைங்களும் ஒண்ணா உக்காந்து படிக்கட்டும். ராத்திரி சாப்பிட வெச்சு நானே கொண்டுவந்து விடறேன்."

தங்கச்சியின் முகம் இறுகியது. "உன் சும்மாப் பணத்துல என் பிள்ளை சாப்பிடணுமா?"

"பணத்துல இல்லடி. என் வீட்டுல தொட்டி காஞ்சு கிடக்கு. அதுக்காகக் கூப்பிடறேன்."

தங்கச்சி ஒரு பூண்டை உரித்துக் கூடையில் போட்டாள். பிறகு, "ஒரு வருஷம் முடிஞ்சா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சா நானும் வந்து இந்தத் தொட்டியில கையை விடுவேன். வேற என்ன பண்ண முடியும்? அதுக்குள்ள அவ ஒன்பதாம் வகுப்பு முடிச்சிருப்பா. இது எழுதப் படிக்கக் கத்துக்கிட்டிருக்கும். அது வரைக்கும் வர்றது வரட்டும்."

தங்கச்சி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். சின்னப் பெண்ணின் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கி, அதிலிருந்த தண்ணீரை வாசலில் கொட்டினாள்.

"பெரியம்மா வீட்டுக்குப் போறியாடி?" என்றாள். "போனா அங்க ஏதாவது வம்பு பண்ணினன்னு கேள்விப்பட்டேன், தோலை உரிச்சிடுவேன்."